அக்கி ஆறாத கண்

ஜூன் 10, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எங்கள் வீட்டில் இப்படி உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யாரும் கிடையாது. அம்மா பேனாவைத் தொட்டால் கையெழுத்துப் போடத்தான். நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கோபம் வந்தால் எனக்கு வாயில் வார்த்தை வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

நேற்றைய கோபம் ஒரு பெரியவர் மேல். நான் கண் பரிசோதனைப் படிப்பு முடித்து, எங்கள் ஊர்க் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை என்றால் இருநூறு பேர் வருவார்கள். டோக்கன் வாங்கி, விவரம் எழுதுகிற மேஜையில் இருபது கேள்விக்குப் பதில் சொல்லி, பார்வை பார்த்து, கண் அழுத்தம் பார்த்து, கண்மணியை விரிக்கிற சொட்டு ஊற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் கண்ணை மூடி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் டாக்டர் குமரேசனைப் பார்க்க முடியும். நேற்று என் அக்கா சண்முகக்கனி இடது கண் சிவந்து வந்தாள். நான் அவளைப் பக்கத்துக் கதவு வழியாக நேரே உள்ளே அழைத்துப் போனேன்.

பெஞ்சில் காத்திருந்த அந்தப் பெரியவர் சொன்னார்: "படிச்ச புள்ளையளே இப்படிச் செஞ்சா மத்தவன் என்ன செய்வான்."

எட்டு மாதமாக ஊரார் வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் கைபிடித்து மாடிப்படி ஏற்றிவிட்டிருக்கிறேன். என் சொந்த அக்காவுக்கு ஒரு நாள் ஒரு கதவைத் திறக்கக் கூடாதா? அவளுக்கு ஒன்றேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மகள் வர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அக்காவை விளக்குக் கருவி முன் உட்கார வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணின் முன்பகுதியில் அழற்சி, ஒரு வாரத்தில் சரியாகும் என்றார். மணிக்கு ஒரு தடவை ஸ்டீராய்டு சொட்டு, கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. "உங்க அக்காவா இசக்கி? உன்ன மாதிரி இல்லையே, நல்லாப் பேசுறாங்களே" என்றார்.

"அவளுக்கும் சேத்து நாந்தான் சார் பேசணும்" என்றாள் அக்கா.

உள்ளே போகும் முன் அக்காவின் கழுத்தில் அழுக்கு இருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நூற்று எழுபது பேர். லென்ஸ் பெட்டியைத் துடைத்து அடுக்கினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். சிவப்பு குறைந்துவிட்டதாம். ஆனால் அடுப்படியில் விறகு புகைகிற மாதிரி தெரிகிறதாம். ஊசியில் நூல் கோக்க வர்ஷினியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றாள். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அத்தான் திருப்பூரில் இருக்கிறார்.

சொட்டு மருந்தால் அப்படி இருக்கும், விடாமல் ஊற்று என்றேன். நிறையத் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அக்கா இன்று மாமியாருடன் வந்தாள். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பார்வை அட்டையின் மேல் எழுத்துக்கூட இடது கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை எண்ணச் சொன்னேன். கிட்டத்தில் நீட்டினால் எண்ணுகிறாள். கண்ணுக்குள் கொசு பறக்கிறது என்கிறாள். இன்று டோக்கன் போட்டேன், சொட்டு ஊற்றினேன், முக்கால் மணி நேரம் உட்கார வைத்தேன். எல்லாம் முறைப்படி.

டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸைப் பிடித்துக் குனிந்தார். மேலே பார், கீழே பார், வலது பார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு லென்ஸை என்னிடம் தந்தார். விழித்திரையின் ஓரமெல்லாம் வெள்ளை. சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே நடுவை நோக்கி வருவது போல. இடையிடையே ரத்தக் கசிவு.

"வைரஸ். விழித்திரையை அரிச்சுக்கிட்டு வருது. அந்த மாத்திரையை இப்பவே நிறுத்துங்க" என்றார். எந்த மாத்திரை என்று அக்கா கேட்டாள். தான் எழுதிக் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. அக்கா மேஜையில் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்டீராய்டு உடம்பின் காவல்காரனைத் தூங்க வைக்கும். காவல்காரன் தூங்கிய வீட்டில் ஒன்பது நாள்.

பிறகு கேட்டார்: சிக்கன்பாக்ஸ், ஹெர்பிஸ், தோலில் ஏதாவது வந்ததா என்று. அத்தை முந்திக்கொண்டு, அப்படி ஒன்றும் கிடையாது என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே மதுரை போங்கள் என்று டாக்டர் அங்கே போன் செய்தார். பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்தினாள், திறந்தாள், பொத்தினாள். கையைத் தட்டிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன். மதுரை

இங்கே டாக்டர் நஸீமா என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். அவர் அக்காவின் கண்ணைப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி இது: "அக்கி வந்துச்சாம்மா? யாரு எழுதுனாங்க?"

"பானை செய்யுத வேளார் வீட்டுல எழுதுனாக டாக்டரம்மா. காவியக் கொழச்சி சிங்கம் வரைஞ்சாக" என்றாள் அக்கா, யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல. மே கடைசியில் வந்ததாம். சேலையை விலக்கிக் காட்டினாள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே கொத்துக் கொத்தாகக் காய்ந்த பொருக்கு. அக்கி எழுதினால் ஊசி மருந்து கூடாது என்பதால்தான் சொல்லவில்லை என்று அத்தை இழுத்தார்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "தோல்ல ஆறிருச்சும்மா. கண்ணுக்குள்ள ஆறல. ரெண்டும் ஒரே கிருமிதான், நரம்பு வழியாப் போயிருக்கு" என்றார்.

கண்ணின் முன்பக்கம் உள்ள நீரில் ஒரு சொட்டை மெல்லிய ஊசியால் எடுத்து, எந்த வைரஸ் என்று பார்க்க அனுப்பினார். முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கையில் அசைக்ளோவிர் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்குள்ளும் ஒரு ஊசி. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

எனக்கு டாக்டர் குமரேசன் மேல் கோபம். ஹெர்பிஸ் என்று கேட்டால் ரவிக்கை தைக்கிற பெண்ணுக்கு என்ன தெரியும்? அக்கி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தானே.

ஜூன் 21, சனி

முடிவு வந்தது. வெரிசெல்லா சோஸ்டர். அம்மைக்கும் அக்கிக்கும் உள்ள வைரஸ். மூன்றாம் வருடப் பரீட்சையில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் நாலு வாங்கினேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு நாளைக்கு மூன்று முறை மருந்து ஏறுகிறது, முறைக்கு ஒரு மணி நேரம். சிறுநீரகத்தைப் பாதிக்காமல் இருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். நான் பாட்டிலும் கையுமாக அக்கா பின்னால் நிற்கிறேன்.

"ஏட்டி, ஆட்டுக்குத் தண்ணி காட்டுத மாதிரில்லா காட்டுத. விடு, வயிறு வெடிச்சிரும்" என்கிறாள்.

குடி என்றேன். மே என்று ஆடு மாதிரி கத்தினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் கண் கட்டோடு சிரித்தார்.

சாயங்காலம் அத்தை யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது வராந்தாவில் கேட்டது. "படிச்ச தங்கச்சிக்காரி கூட்டிட்டுப் போனா. அவ குடுத்த மருந்துலதான் கண்ணு போச்சு."

நான் மருந்து கொடுக்கவில்லை. டாக்டர் கொடுத்தார். அக்கியை மறைத்தது யார்? நீங்கள். இத்தனையும் தொண்டை வரை வந்தது. உள்ளே போய்க் கட்டில் விரிப்பை உதறி உதறி நாலு தடவை விரித்தேன். அக்கா, "அது என்ன பாவம் செஞ்சுது" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

பத்து நாள் மருந்து முடிந்தது. செத்துப்போன பகுதியைச் சுற்றி லேசர் வைத்தார்கள். இனி மூன்று மாதம் மாத்திரை, வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை.

டாக்டர் நஸீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படித்தவள் என்பதால் என்னிடம் நேராகச் சொல்கிறாராம். இடது கண்ணில் மிஞ்சியது எவ்வளவு என்று இப்போது தெரியாது. விழித்திரை கிழிந்து பிரிந்து வரலாம். "எனக்கு பயம் வலது கண்ணுதான். இந்த வைரஸ் மூளைப் பக்கமா நடந்து அடுத்த கண்ணுக்கு வரும். மாத்திரைய ஒரு வேளை விட்டாக்கூட எனக்குத் தெரியணும்" என்றார்.

சரி மேடம் என்றேன். எனக்கு வரும் இரண்டு வார்த்தை.

ஜூலை 16, புதன்

இடது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் நடந்தது. உள்ளே எண்ணெய் நிரப்பி அழுத்தி வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரிகிறது. இனி அவ்வளவுதான்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா ஒற்றைக் கண்ணோடு தைக்கப் பழகுகிறாள். தூரம் கணிக்க முடியவில்லை, டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறாள். சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். வர்ஷினி அதை எடுத்துவந்து திரும்பவும் அம்மா கையில் கொடுத்தாள். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்று லீவு போட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஊர் முழுக்க வேப்பிலைத் தோரணம். அம்மன் கோவில் கொடைத் திருவிழா. அக்கா குளிக்கப் போன நேரத்தில் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட முப்பது மாத்திரை கூடுதலாக இருந்தது. ஐந்து நாள்.

அத்தையிடம் கேட்டேன். கொடைக்குப் பந்தக்கால் நாட்டியாகிவிட்டது, அக்கி வந்த உடம்பு அம்மன் வந்த உடம்பு, கொடை முடியும் வரை அதற்கு மருந்து கொடுக்கக் கூடாது என்றார். அடுத்த செவ்வாய் முடிந்துவிடும், பிறகு சேர்த்துச் சாப்பிடுவாளாம். சேர்த்து.

என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தம் போட்டேன். உங்களால்தான் ஒரு கண் போனது, நீங்கள் மறைத்ததால்தான் போனது, இன்னொன்றையும் கொடைக்குப் படைக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள்.

அக்கா ஈரத் தலையோடு வந்தாள். "அவுகள ஏன் ஏசுத?" என்றாள்.

அவர் மறைத்தார் என்றேன்.

"அவுக மறைச்சாக. சரி. நான் ஏன் மறைச்சேன்னு கேட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "காவிய அழிச்சா அக்கி கோவிக்கும்னு நான் குளிக்கயில கூட அந்த எடத்துல தண்ணி படாமப் பாத்துக்கிட்டேன். நீ கழுத்தச் சொரசொரன்னு தொடச்ச. சேலைய மேல இழுத்துவிட்ட. ஒங்க ஆஸ்பத்திரிக்காரக பாத்தா ஒனக்குக் கேவலம். அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இத இங்க வாயத் திறந்து சொல்லக் கூடாதுன்னு. அதான் அடுத்தவாட்டி டாக்டரு கேக்கும்போது ஒன்னயப் பாத்தேன். நீ கீழ பாத்த."

அழுக்கு என்று பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். அழுக்கு இல்லை. காவி. அது என்ன என்று பார்த்த நொடியே எனக்குத் தெரியும். சிங்கத்தின் வால் ரவிக்கைக்கு மேலே வந்திருந்தது. என்னோடு வேலை செய்கிற பெண்கள் எதிரே நின்றார்கள். விவர மேஜைக்கு அழைத்துப் போயிருந்தால் தோலில் ஏதாவது வந்ததா என்று கேட்டிருப்பார்கள், பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். ஒன்றேகால் பஸ் மட்டும் காரணம் இல்லை.

டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டு மாத்திரையைக் கையில் வைத்து நீட்டினேன். நீட்டியபடியே நின்றேன். வாங்கி விழுங்கினாள். அத்தை சாமி படத்தின் முன் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 26, சனி

காலை முதல் பஸ்ஸில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். வலது கண் நன்றாகத் தெரிகிறது, சிவப்பில்லை, வலியில்லை, எதற்கு வந்தோம் என்று புலம்பிக்கொண்டே வந்தாள். டோக்கன் நாற்பத்தொன்று. விவர மேஜையில் அக்கி என்று நானே சொல்லி எழுத வைத்தேன். வலது கண்ணால் கடைசி வரி வரை படித்துவிட்டாள், ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. நல்ல பார்வை இருப்பவருக்குச் சொட்டு எதற்கு என்று என்னோடு வேலை செய்கிற ஜெனிட்டா கேட்டாள். ஊற்று என்றேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். கீழ் ஓரம், மூக்குப் பக்கம், கடைக்கோடியில் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் கீழே பாருங்க என்றார். அரிசி அளவு ஒரு வெள்ளைத் திட்டு.

"யார் இவங்கள வரச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் என்றேன்.

மத்தியானம் மதுரை. டாக்டர் நஸீமா மாத்திரை விட்டதைக் கேட்டார். ஐந்து நாள் என்று நானே சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை. மறுபடியும் கையில் ஊசி, மறுபடியும் மூன்று வேளை, மறுபடியும் தண்ணீர் பாட்டில். இந்த முறை அக்கா ஆடு மாதிரி கத்தவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

திட்டு பரவவில்லை. குறையவும் இல்லை. அக்கா என்னோடு பேசவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கிறாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திட்டின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. ஆறுகிறது என்று அர்த்தம். டாக்டர் நஸீமா லென்ஸை எனக்குத் தந்து காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா, "ஏட்டி, வெளக்க எடு. கண்ணு கூசுது" என்றாள். ஆறு நாளில் முதல் பேச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கண் கடைசி வரி வரை படிக்கிறது. மாத்திரையை இனி வர்ஷினி எடுத்துக் கொடுப்பாளாம், அத்தை சொல்லிவிட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அடுத்த வாரம் மாவட்டக் கண் மருத்துவர்கள் கூட்டம். அதில் டாக்டர் குமரேசன் அக்காவின் நோயைப் பற்றிப் பேசப் போகிறார். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரச் சொன்னார். என் தட்டச்சு சுத்தமாக இருக்குமாம்.

நன்றாக எழுதியிருக்கிறார். எதை வைத்துக் கண்டுபிடிப்பது, நீர் எடுத்துப் பார்ப்பது, முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பிப்பது, அடுத்த கண்ணைக் காப்பது, எல்லாம் இருந்தது. முதல் வரி இது: "முப்பத்தோரு வயதுப் பெண், நோய் முற்றிய நிலையில் தாமதமாக ஜூன் 18 அன்று முதல் முறை வந்தார். தோல் நோய் இருந்ததை மறைத்துவிட்டார்."

கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பொய் எழுதவில்லை. ஜூன் 9ஆம் தேதிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சண்முகக்கனி என்று யாரும் வரவே இல்லை. டோக்கன் இல்லை, சீட்டு இல்லை, பார்வை எழுதிய காகிதம் இல்லை. அன்று மாத்திரையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு மருந்துக் கடையோடு போய்விட்டது.

அந்த வரியை அடிக்கக் கை போகவில்லை. மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, முதல் வரிக்கு இடம் விட்டு, காகிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். பார்த்தார். ஒரு வரி விட்டுப் போயிருக்கிறதே என்றார். நான் நின்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

"இசக்கி, எனக்காக மட்டும் அப்படி எழுதல. நீ இப்பத்தான் வேலைக்கு வந்திருக்க. உங்க வீட்டுல முதல்ல படிச்ச பொண்ணு நீ. உனக்கும் அதுதான் நல்லது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அன்றைக்கும் இதே அன்போடுதான் அக்காவை நடுவில் உட்கார வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். அந்த அன்பைக் கேட்டு வாங்கியது நான்.

கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறாயா என்றார். இல்லை என்றேன். இரண்டு மாதமாக எல்லோர் மேலும் கோபப்பட்டுக்கொண்டே ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அக்கா தாமதமா வரல சார். ஜூன் ஒம்பதாம் தேதியே வந்தா. நான் கூட்டிட்டு வந்தேன், நீங்க பாத்தீங்க, ரெண்டு பேரும் கண்ண விரிக்காமலே அனுப்பிட்டோம். அக்கிய மறைச்சது அவ இல்ல, நான். மொத வரிய அப்படி மாத்துங்க சார். என் பேரையும் போடுங்க."